பின் அடித்த கடைசிப் பக்கம்

அதியமான்கோட்டையில் லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை பார்க்கும் மாயவனுக்கு எல்லா விஷயத்திலும் கருத்து கிடையாது. அரசியல் பேசினால் கொட்டாவி விடுவார். கிரிக்கெட்டில் யார் ஜெயித்தார்கள் என்று மறுநாள்கூடத் தெரிந்திருக்காது. மனைவி பானுமதி குழம்பில் உப்புப் போட மறந்துபோனாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற ஆள். ஆனால் காமிக்ஸ், விண்வெளிப் படம் என்று யாராவது பேச்சை எடுத்துவிட்டால் மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார். அப்புறம் வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்து, உள்ளே எட்டிப் பார்த்து, தானும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

விண்வெளியில் சத்தம் கேட்காது என்பது மாயவனுக்குத் தெரியும். தெரிந்தேதான், கப்பல் வெடித்தால் தியேட்டர் நாற்காலி ஆட வேண்டும் என்பார். டிக்கெட் வாங்கிப் போனவன் மௌன விரதம் இருக்கவா போனான்? காமிக்ஸ் என்றால் கலரில் இருக்க வேண்டும். வேற்றுக்கிரகத்துக்காரனின் தோல் பச்சையா நீலமா என்று வாசகன் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? டப்பிங் படத்தில் ரோபோ நம் ஊர்த் தமிழ் பேசலாம், தப்பே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கதாநாயகன் சாகக் கூடாது. கதைக்காகச் செத்தே தீர வேண்டும் என்றால் திரும்பி வந்தாக வேண்டும். அதற்குத்தான் கால இயந்திரம் இருக்கிறது, நகல் உடம்பு இருக்கிறது, பக்கத்துப் பிரபஞ்சம் இருக்கிறது. இத்தனை வசதியையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவனைச் சாகவிடுகிற கதாசிரியன் கல்நெஞ்சக்காரன் என்பது மாயவனின் தீர்ப்பு.

இதெல்லாம் சுத்தப் பேத்தல் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தார். அவர் குப்புராஜ்.

குப்புராஜுக்குத் தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிற கடை. காதுகுத்தும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்து ஃபோல்டரில் கிடக்கும். பேர் பெரிதாகத் தெரியவேண்டும், எழுத்தைப் பக்கவாட்டில் கொஞ்சம் இழுத்துவிடுங்கள் என்று எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் மவுஸை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். "இல்லைங்க, எழுத்த இழுத்தா அதோட எலும்பு உடையுதுங்க. வேற கடை பாத்துக்கங்க." அப்படித் திருப்பி அனுப்பிய ஆட்களை வைத்தே பக்கத்துக் கடைக்காரன் மாடி கட்டிவிட்டான்.

எதைக் கேட்டாலும் 'இல்ல' என்றுதான் குப்புராஜ் ஆரம்பிப்பார். மழை வருதா குப்பு என்றால், "இல்ல, தூறுது" என்பார். சாப்டியா என்றால், "இல்ல, ரெண்டு இட்லிதான்" என்பார். காமிக்ஸ் கறுப்பு வெள்ளையில்தான் இருக்க வேண்டும், கலர் அடித்தால் கோடு போட்ட ஓவியனின் கை தெரியாது என்பது அவர் கட்சி. வசனத்தைக் கையால்தான் எழுத வேண்டும். சினிமாவில் வெடிச் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். "படத்துல ஒரு பொய் சொல்லு, ஒத்துக்கறன். அந்தப் பொய்ய மறந்துட்டு ரெண்டாவது பொய் சொல்லாத" என்பார். வேற்றுக்கிரகத்துக் கப்பல் ஒரு படத்திலாவது தருமபுரியில் இறங்குகிறதா என்று மாயவன் ஒருநாள் ஆதங்கப்பட்டபோது, "இல்ல, எறங்கிட்டாங்க. டோல்கேட்டுல லைன்ல நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் டீயைக் குடித்தவர்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இருவரும் ஒரே காமிக்ஸுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள். புத்தகம் இரண்டாகக் கிழிந்தது. முன்பாதி மாயவன் வீட்டு பீரோவிலும் பின்பாதி குப்புராஜ் வீட்டுப் பரணிலும் இன்றைக்கும் இருக்கின்றன. இருவருக்கும் தலை நரைத்துவிட்டது, விட்டுக்கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குப்புராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு எடைமேடைக்கு வந்துவிடுவார். லாரி வரும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சண்டைதான். அதற்கென்று ஒரு முறையும் வைத்திருந்தார்கள். காமிக்ஸ் இருவருக்கும் சேர்த்து ஒரே பிரதிதான் வாங்குவது. பார்சல் குப்புராஜின் கடைக்கு வரும். அவர் பிரித்ததும் முதல் வேலையாக, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, கடைசித் தாளை அதற்கு முந்தின தாளோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுவார். அவர் படித்துவிட்டு மாயவனிடம் கொடுப்பார். மாயவனும் படித்து முடித்த பிறகு, முடிவு என்னவாக இருக்கும் என்று எடைமேடை கேபினில் உட்கார்ந்து அடித்துக்கொள்வார்கள். தொண்டை கட்டுகிற அளவுக்குப் பேசி ஓய்ந்த பிறகுதான் பின்னைப் பிடுங்குவார்கள். தனியாகப் பிடுங்கிப் பார்ப்பதும் முடிவை முன்னாடியே சொல்வதும் அவர்கள் இருவருக்குள்ளும் மன்னிக்க முடியாத குற்றம்.

கேப்டன் ஓர்வின் கதை வந்ததில் இருந்து சண்டை வேறு மட்டத்துக்குப் போய்விட்டது. ஓர்வின் ஒரு விண்கப்பல் தலைவன். போன புத்தகத்தின் முடிவில் எல்லோரையும் தப்பவைத்துவிட்டு, எரிகிற கப்பலுக்குள் தான் மட்டும் நின்றுவிட்டான். அவனுடைய துணைத்தளபதி ஸீரா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனாள். அடுத்த புத்தகம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று பதிப்பகத்தார் அறிவித்தார்கள். அந்த ஒரு வருஷமும் எடைமேடையில் ஓர்வின் செத்தானா வருவானா என்பதே பேச்சு.

"வருவாண்டா. அவன் மூளையக் கப்பல்ல பதிஞ்சு வச்சிருக்காங்க, மூணாவது புத்தகத்துல வருது. புது ஒடம்புல ஏத்திக்கிட்டு வருவான்" என்றார் மாயவன்.

"இல்ல. வந்தா அது ஓர்வின் கெடையாது."

"மூஞ்சி அதே, ஞாபகம் அதே, பேச்சு அதே. வேற என்னடா வேணும் உனக்கு?"

"ஆளு வேணும். செத்தவன் செத்தவனா இருக்கணும் மாயவா. திரும்பி வர்றவன் மூஞ்சி மட்டும் அதே மாதிரி இருக்கற வேற ஒருத்தன். அவனக் காட்டி நம்மள ஏமாத்தறாங்க."

மாயவன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். "காலையில கிரானைட் ஏத்திக்கிட்டு இதே மேடை மேல நின்னுட்டுப் போச்சே, அந்த லாரி சாயங்காலம் காலியா வரும். நம்பர் ஒண்ணு, டிரைவர் ஒண்ணு. அது வேற லாரியா?"

"இல்ல, லாரிக்கு அது சரி" என்றார் குப்புராஜ். "மனுஷனுக்கு ஆவாது."

புத்தகம் ஐப்பசியில் வந்தது. குப்புராஜ் வழக்கம்போலப் பின் அடித்து, படித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மாயவனிடம் கொடுக்கக் கிளம்பினார். வெளியே தூறல். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். முன்பு ஒருமுறை அவர் கொண்டுவந்த புத்தகம் மழையில் மூலை நனைந்து ஊதிப்போய், அதற்காக மாயவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பல வாரம் பேசாமல் இருந்திருக்கிறார். புத்தகத்தில் மடிப்பு விழுந்தால் தன் மேல் விழுந்த மாதிரி துடிக்கிற ஆள் அவர். அது குப்புராஜின் நினைவில் இருந்தது. ஆகவே புத்தகத்தை பாலிதீன் கவரில் சுற்றி, கவரை ஹெல்மெட்டுக்குள் திணித்து, ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, வெறுந்தலையோடு வண்டியை எடுத்தார்.

சர்வீஸ் ரோட்டில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. வண்டி சறுக்கியது. குப்புராஜின் தலை தடுப்புக் கல்லில் மோதியது.

தகவல் கிடைத்து மாயவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டிருந்தது. டீக்கடைக்காரர் ஹெல்மெட்டை எடுத்துவந்து கொடுத்தார். "கையில வச்சுக்கிட்டே போடாம வந்திருக்காருங்க பாருங்க" என்றார். ஹெல்மெட்டுக்குள் கை விட்ட மாயவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அங்கேயே, ஈர ரோட்டில், உட்கார்ந்துவிட்டார். புத்தகத்தில் ஒரு சொட்டு ஈரம் படவில்லை.

ஆஸ்பத்திரியில் தலையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். பிழைத்தால் பெரிய விஷயம் என்றார் டாக்டர். மாயவன் எடைமேடைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த வராந்தாவே கதி என்று கிடந்தார். குப்புராஜின் மனைவி நிர்மலா சுவரோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் அவருக்கு வரவே இல்லை. ஒருநாள் தாங்க முடியாமல் எதிரே போய் நின்று, புத்தகம் ஹெல்மெட்டுக்குள் இருந்ததைச் சொன்னார். அறைந்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தார்.

நிர்மலா கண்ணைத் திறந்தாள். "தெரியுங்கண்ணா. கெளம்பும்போதே சொல்லிட்டுத்தான் போனாரு. இது நனைஞ்சா மாயவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான், அப்புறம் யாருகூடப் பேசறதுன்னு கேட்டாரு."

அதைவிட அவள் அறைந்திருக்கலாம்.

உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைத்த நாளெல்லாம் மாயவன் கட்டிலருகே குனிந்து குப்புராஜின் காதில் பேசினார். மற்றவர்கள் சாமி பேரைச் சொன்னார்கள், பிள்ளைகள் பேரைச் சொன்னார்கள். மாயவன் வேறு வழியில் போனார். "குப்பு, கலர் காமிக்ஸ்தாண்டா அழகு. நீ சொன்னதெல்லாம் உளறல். கேக்குதா? எந்திரிச்சு பதில் சொல்லுடா" என்றார். நர்ஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவர் கவலைப்படவில்லை. இத்தனை வருஷத்தில் தப்பான கருத்து ஒன்றைக் கேட்டுவிட்டுக் குப்புராஜ் சும்மா இருந்ததே கிடையாது. செத்துக்கிடந்தாலும் 'இல்ல' என்று சொல்ல எழுந்து வந்துவிடுவார் என்று மாயவன் நம்பினார். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவர் கையில் மிச்சம் இருந்தது.

குப்புராஜ் பிழைத்துக்கொண்டார். கண் திறந்தார், ஆட்களை அடையாளம் சொன்னார், ரசம் சாதம் சாப்பிட்டார். மாயவனைப் பார்த்ததும் சிரித்து, "மாயவா" என்றார். மாயவன் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதார். டாக்டர் அவரையும் நிர்மலாவையும் கூப்பிட்டு, நெற்றிப் பக்கம் அடி பலம், ஞாபகம் எல்லாம் இருக்கும், குணத்தில் மட்டும் கொஞ்சம் மாற்றம் தெரியலாம், போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். அந்தச் சந்தோஷத்தில் கடைசி வார்த்தை மாயவனின் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை மாயவன் போனார். தின்பண்டத்தையும் நலம் விசாரிப்பையும் முடித்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"என்ன சொல்லு குப்பு, காமிக்ஸ்னா கலர்தான்."

குப்புராஜ் அவரைப் பார்த்துச் சிரித்தார். "சரிதான் மாயவா."

உடம்பு அசதி, பேசத் தெம்பில்லை என்று மாயவன் நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் போனில் ஒரு டப்பிங் படத்தை ஏற்றிக்கொண்டு போய் பக்கத்தில் உட்கார்ந்து போட்டார். கப்பல் கப்பலாக வெடிக்கிற படம் அது. ஒவ்வொன்றும் வீட்டுத் தகரம் அதிர வெடித்தது. ரோபோ கோயமுத்தூர்த் தமிழில் நக்கலடித்தது. பழைய குப்புராஜாக இருந்தால் போனைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருப்பார். இவர் கடைசி வரைக்கும் பார்த்தார், முடிந்ததும், "நல்லா இருந்துச்சு" என்றார். "இன்னொருக்கா போடுறியா?"

மாயவன் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கடுத்த வாரம் பக்கத்துக் கடைக்காரனைக் கெஞ்சி, எழுத்தெல்லாம் சப்பாத்திக் கட்டைக்குக் கீழே அகப்பட்ட மாவு மாதிரி இழுபட்டுக் கிடக்கிற பிளெக்ஸ் ஒன்றைப் போட்டோ எடுத்துவந்து காட்டினார். குப்புராஜ் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாயவன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரல்கள் போனைக் கீழே வைக்க வேண்டும், இரண்டு கையும் மார்பின் மேல் ஏற வேண்டும். ஏறவில்லை. "பேரு நல்லாப் பெருசாத் தெரியுது" என்றார் குப்புராஜ்.

மாயவனால் இரவில் தூங்க முடியவில்லை, பகலில் வேலை ஓடவில்லை. எடைச் சீட்டில் வண்டி நம்பரை மாற்றி எழுதி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "உசுரோட இருக்காரு, நடக்கறாரு, உங்களக் கண்டா சிரிக்கறாரு. இன்னும் என்ன வேணுங்க உங்களுக்கு?" என்று பானுமதி கேட்டாள். மூஞ்சி அதே, ஞாபகம் அதே, வேற என்ன வேணும் என்று தான் கேட்ட கேள்வி அப்படியே திரும்பி வந்ததை மாயவன் உணர்ந்தார். எழுந்து வெளியே போய் மாமரத்தடியில் நின்றார்.

அதற்குப் பிறகு அவர் பார்க்காத வேலை இல்லை. பெங்களூரில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார். அந்த டாக்டரும் உள்ளூர் டாக்டர் சொன்னதையே சொல்லி அனுப்பினார். பழகின இடத்துக்குக் கூட்டிப்போனால் பழைய குணம் வரும் என்று எங்கோ படித்துவிட்டு, குப்புராஜை ஆட்டோவில் ஏற்றி ஒகேனக்கலுக்குக் கூட்டிப்போனார். போன வருஷம் அங்கே மீன் வறுவல் கடையில் உட்கார்ந்து கால இயந்திரத்தைப் பற்றிக் கத்திய கத்தலில் கடைக்காரம்மா இருவரையும் பெஞ்சிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பியிருந்தாள். அதே பெஞ்சு, அதே கடை. இந்த முறை குப்புராஜ் முள்ளை எடுத்துவிட்டு மீனை மென்றபடி அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கால இயந்திரத்துல போயி ஹெல்மெட்ட உன் தலையில மாட்டிட்டு வந்துடட்டுமாடா?" என்று கேட்டார் மாயவன். பழைய சட்டப்படி அதற்குப் பதில் உண்டு. ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் தலையில் அடியே பட்டிருக்காது, படாத அடிக்காக எவன் கால இயந்திரம் ஏறுவான் என்று குப்புராஜ் பிய்த்து உதறுவார். 

"மாட்டிட்டு வா மாயவா" என்றார் குப்புராஜ். கடைக்காரம்மா இவர்களைப் பார்த்து, இரண்டு பேரும் இப்போதெல்லாம் சண்டை போடுவதில்லையே என்று சந்தோஷப்பட்டாள்.

திரும்ப வந்து வீட்டில் விட்டபோது நிர்மலா வாசலிலேயே மாயவனை நிறுத்தினாள்.

"அண்ணா, அவர இப்படி வாராவாரம் சோதிக்காதீங்க."

"சோதிக்கலம்மா. ஒரு தடவ கோவம் வந்துட்டாப் போதும். அப்புறம் எல்லாம் வந்துடும். எனக்குத் தெரியும்."

"எனக்குந்தான் தெரியுது. முன்னெல்லாம் குழம்புல ஒரு கல்லு உப்பு கூடிட்டா வூடே ரெண்டாவும். இப்ப போட்டதச் சாப்புடறாரு. நல்லா இருக்குதுன்னு சொல்றாரு. உப்பே போடாம வச்சுப் பாத்தன், அதுக்கும் நல்லா இருக்குதுன்னாரு." நிர்மலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு அடுப்படியில உக்காந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஆனா அதோட விட்டுட்டன். உங்களுக்குச் சண்டை போட ஆளு வேணும். எனக்கு ஆளு இருந்தாப் போதுங்கண்ணா."

நியாயமான பேச்சு. மாயவனுக்கு அது புரியாமலும் இல்லை. ஆனால் புரிந்துகொண்டு என்ன செய்வது? முப்பது வருஷமாக எதிரே உட்கார்ந்து 'இல்ல' என்று சொன்ன ஒருவரால்தான் தனக்கு என்ன பிடிக்கும் என்பதே மாயவனுக்குத் தெரிந்திருந்தது. குப்புராஜ் ஒத்துக்கொள்ள ஆரம்பித்ததில் இருந்து, கலர் காமிக்ஸைத் திறந்தால் அவருக்கே கண்ணைக் கூசுகிறது. வெடிச் சத்தம் வந்தால் படத்தை நிறுத்திவிடுகிறார். எதிர்க்க ஆளில்லாத கருத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், உப்பு போட்டா நக்குவார்?

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஓர்வினின் புத்தகம். ஹெல்மெட்டில் இருந்து எடுத்த நாளிலிருந்து பாலிதீன் கவரோடு பீரோவில் இருந்தது. கடைசித் தாளில் குப்புராஜ் அடித்த பின் அப்படியே இருந்தது. மாயவன் அதை மட்டும் தொடாமல் வைத்திருந்தார். அதுவும் பலிக்காவிட்டால் அப்புறம் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நிர்மலாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, குப்புராஜை எடைமேடைக்குக் கூட்டிவந்தார். கூடவே நிர்மலாவும் வந்து கேபின் வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். குப்புராஜ் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். மாயவன் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தில் இருந்து வாசித்தார். மூளைப் பதிவைத் தேடிக்கொண்டு ஸீரா போகிறாள். கிடைக்கிறது. புது உடம்பு தயாராகிறது. அதில் பதிவை ஏற்றுகிற கைப்பிடி மேல் ஸீராவின் கை இருக்கிறது. அந்த இடத்தில் பக்கம் முடிந்து, பின் அடித்த தாள் வந்தது.

"சொல்லு குப்பு. ஓர்வின் வருவானா மாட்டானா?"

"நீ சொல்லு மாயவா."

"நான் இப்பவே பிரிச்சுப் பாத்து முடிவச் சொல்லப் போறன். சண்டை போடாம. முறை கிறை எதுவும் கெடையாது."

"சரி."

அந்தக் குற்றத்தை மாயவன் கண்ணெதிரே செய்தார். பின்னை நகத்தால் நெம்பினார். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. வேண்டாம்டா, கைய எடு என்று ஒரு குரல் வரும் என்று கடைசிப் பின் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். குப்புராஜ் ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். ஸீரா கைப்பிடியை இழுக்கவில்லை. மூளைப் பதிவை அழித்துவிட்டாள். கப்பலில் ஓர்வினின் நாற்காலி காலியாக இருக்கிறது, அவள் அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வசனம் கிடையாது. கறுப்பு வெள்ளைக் கோடுகள் மட்டும்.

குப்புராஜ் ஜெயித்துவிட்டார். ஒரு வருஷச் சண்டையில், முப்பது வருஷச் சண்டையில் அவர் ஜெயித்துவிட்டார். அதைக் கொண்டாடத் தெரிந்த குப்புராஜ் அங்கே இல்லை. மாயவன் புத்தகத்தைத் திருப்பி, காலி நாற்காலிப் படத்தைக் குப்புராஜின் முகத்துக்கு நேரே பிடித்தார். பிடித்துக்கொண்டு, வாய் கூசாமல் பொய் சொன்னார்.

"பாருடா. ஓர்வின் வந்துட்டான். புது ஒடம்புல வந்துட்டான். ஸீராவக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். கலர்ல போட்டிருக்காங்க பாரு."

குப்புராஜ் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் புருவம் லேசாகச் சுருங்கியது. மாயவன் குனிந்து அவர் வாயையே பார்த்தார். வாசலில் நிர்மலாவும் எழுந்து நின்றுவிட்டாள்.

"நல்லதாப் போச்சு மாயவா" என்றார் குப்புராஜ். "கல்யாணத்துக்கு பிளெக்ஸ் அடிக்கணுமா?"

மாயவன் அந்தக் கண்ணைத் துழாவினார். டோல்கேட்டில் லைனில் நிற்கிறார்கள் என்று சிரிக்காமல் சொன்ன ஆளின் நக்கல் அதற்குள் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். குப்புராஜ் உண்மையாகத்தான் கேட்டிருந்தார். பதிலுக்காகக் காத்திருந்தார்.

புத்தகம் மாயவனின் கையில் இருந்து நழுவித் தரையில் விழுந்து மடங்கியது. அவர் எடுக்கவில்லை. குப்புராஜின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பொய்டா. ஓர்வின் வரல. நீதான் ஜெயிச்ச. வேணாம்னு ஸீராவே அழிச்சுட்டா. நீ சொன்னதுதாண்டா சரி. திரும்பி வர்றவன் அவன் கெடையாது."

"சரிதான் மாயவா" என்றார் குப்புராஜ்.

நிர்மலா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். தான் என்ன சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்பது மாயவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய் அந்தக் கைகளை இன்னும் இறுக்கினார்.

"இல்லடா, நான் தப்பாச் சொல்லிட்டன். அவனேதான் வந்திருக்கான். நான் எப்பவும் அதத்தானடா சொன்னன்? அவனேதான். நீ ஒரு தடவ இல்லன்னு சொல்லு குப்பு. ஒரே ஒரு தடவ. உன் கால்ல விழுறன், இல்லன்னு சொல்லுடா."

குப்புராஜுக்கு நண்பன் அழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கையை விடுவித்து அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். கேட்டதைக் கொடுத்துவிடுகிற அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது.

"சரி மாயவா" என்றார். "இல்ல."